முதியோர் மறுவாழ்வில் முதுநிலைப் படிப்பு: சேரலாமா?

கேள்வி: பிசியோதெரபியில் இளநிலைப் பட்டம் முடித்து இரண்டு வருடமாக எலும்பு, மூட்டு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். முதியோர் மறுவாழ்வில் முதுநிலைப் படிப்பு படிக்க ஆசை. ஆனால் சீனியர்கள், "வயதானவர்களுக்குச் சிகிச்சை கொடுத்து என்ன பெரிய மாற்றம் வந்துவிடப் போகிறது? விளையாட்டுக் காயம் எடு, இல்லையென்றால் நரம்பியல் எடு" என்கிறார்கள். இந்தப் படிப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும்? புள்ளியியல் எனக்குச் சுத்தமாக வராது. ஆய்வேடு எழுத முடியுமா? ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை, படித்த என் தோழியும் கூடவே சேர விரும்புகிறாள். அவளுக்கும் இது பொருந்துமா? கடைசியாக ஒன்று. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த 81 வயதுப் பாட்டி ஒருவர் என்னிடம் வருகிறார். எந்தப் பயிற்சியும் செய்ய மாட்டேன் என்கிறார். அவரால்தான் இந்தக் கடிதமே எழுதத் தோன்றியது.

பதில்: அந்தப் பாட்டியிடம் கடைசியில் வருகிறேன். முதலில் சீனியர்கள் சொன்னதைப் பார்த்துவிடலாம். அது மனதில் கிடக்கும்வரை மற்ற எதற்குப் பதில் சொன்னாலும் உள்ளே இறங்காது.

அவர்கள் சொல்வதற்கு எதிரான சான்று 1990லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், பராமரிப்பு இல்லத்தில் இருந்த உடல் நலிந்த 10 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 90. காலை மெதுவாக ஆட்டச் சொல்லும் பயிற்சியாக அது இருக்கவில்லை. ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடை எதுவோ, அதில் 80 சதவீதம் வரை ஏற்றி, தொடைத் தசைக்கு வாரம் மூன்று நாள், எட்டு வாரம் கொடுத்தார்கள். 9 பேர் முடித்தார்கள். தசை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. 1994ல் அதே குழு 100 பேரை வைத்து மறுபடியும் செய்தது. வலுவும் கூடியது, நடை வேகமும் கூடியது. பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேலையில் சேர்ந்த முதல் வருடம் நினைவுக்கு வரும். நிமோனியா வந்து தேறிய ஒரு தாத்தாவுக்குத் தினமும் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொன்னேன், கையைத் தூக்கச் சொன்னேன், "போதும் தாத்தா, ஓய்வெடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவேன். அவருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம். அதை அக்கறை என்றே நம்பினேன். மூன்று வாரத்தில் அவரால் கட்டில் விளிம்பில் தனியாக உட்கார முடியாமல் போனது. வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். பல வருடம் கழித்து, 2007ல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தேன். சராசரியாக 67 வது வயதில் இருந்த ஆரோக்கியமானவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்திருந்தார்கள். இரண்டு கால்களிலுமாக ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. நோய் இல்லாதவர்களுக்கே பத்து நாளில் இந்தக் கதி என்றால், அந்தத் தாத்தாவின் மூன்று வாரத்தை நான் எப்படிச் செலவழித்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முதியோர் மறுவாழ்வைத் தனியாகப் படிக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்த இடம் அது.

இந்தத் துறை தொடங்கியதும் இப்படியொரு கேள்வியில்தான். 1935ல் இங்கிலாந்தில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரின் பொறுப்பில் ஒரு பழைய ஏழையர் விடுதியின் மருத்துவமனை வந்தது. 700க்கும் மேற்பட்ட படுக்கைகள், பெரும்பாலும் முதியவர்கள், பலர் வருடக்கணக்கில் படுத்த படுக்கை. யாருக்கு என்ன நோய் என்றே சரியாகப் பிரித்துப் பார்க்கப்படவில்லை. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார், வகைப்படுத்தினார், எழுப்பி உட்கார வைத்தார், நடக்க வைத்தார். வெளியே வரவே மாட்டார்கள் என்று எழுதப்பட்டிருந்த பலர் வீட்டுக்குத் திரும்பினார்கள். 1940களில் அவர் எழுதிய கட்டுரைகள்தான் முதியோர் மருத்துவத்துக்கு ஒரு தனித் துறையாக அடித்தளம் போட்டன. அவர் அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்றவர் என்பதையும் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவிலிருந்தும் இங்கே வரலாம்.

சரி, என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டீர்களே. பாடத்திட்டத்தை வரிசையாக எழுதினால் உங்களுக்கு அலுத்துவிடும். ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

இரவு இரண்டு மணி. 80 வயது அம்மா ஒருவர் சிறுநீர் முட்டி விழித்துக்கொள்கிறார். கட்டிலிலிருந்து கழிவறை பத்து அடி. அவர் எழுந்து போய்த் திரும்பி வந்து படுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பத்து அடிக்குள் உங்கள் இரண்டு வருடப் படிப்பு முழுவதும் இருக்கிறது.

முதலில், ஏன் விழித்தார்? நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போட்டுக்கொள்கிறாரா, பகலில் காலில் சேர்ந்த நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறதா, சிறுநீர்ப்பையே அடக்க முடியாததாகிவிட்டதா? அப்புறம், எழுந்து நிற்கிறார். படுத்த நிலையிலிருந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் தலை சுற்றும். அது ரத்த அழுத்த மாத்திரையாலா, தண்ணீர் குடிக்காததாலா? தூக்க மாத்திரை போட்டிருந்தால் பாதி மயக்கம் இன்னும் தெளிந்திருக்காது. கட்டில் தாழ்வாக இருந்தால் எழத் தொடைத் தசை அதிகமாக வேலை செய்ய வேண்டும். அந்தத் தசையே கரைந்திருந்தால்? விளக்கின் சுவிட்ச் எந்தப் பக்கம்? கண்புரை இருந்தால் வெளிர் நிறத் தரையும் வெளிர் நிற வாசற்படியும் ஒன்றாகவே தெரியும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. போன மாதம் ஒரு தடவை விழுந்திருந்தால் பயத்தில் உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு சின்னச் சின்ன அடியாக வைப்பார், அந்த நடையே அடுத்த விழுகைக்கு வழி செய்யும். அவசரம் வேறு. நினைவுத் தடுமாற்றம் தொடங்கியிருந்தால் கழிவறைக் கதவு எது என்பதே சந்தேகம். மருமகளை எழுப்பக் கூடாது என்ற தயக்கமும் கூடவே நடக்கிறது.

மூட்டு சிகிச்சைப் பிரிவில் இந்த அம்மா நமக்கு "வலது முழங்கால் தேய்மானம்" என்று மட்டும் தெரிவார். முதுநிலைப் படிப்பு உங்கள் பார்வையை மாற்ற வேண்டிய இடம் இதுதான். பெர்னார்டு ஐசக்ஸ் என்ற முதியோர் மருத்துவர் அசைவின்மை, தடுமாறி விழுதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, அறிவுத்திறன் குறைதல் ஆகியவற்றை முதியோர் மருத்துவத்தின் ராட்சதர்கள் என்றார். இரவு இரண்டு மணிக்கு நான்கும் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஒன்றை மட்டும் பிடித்து இழுத்தால் மற்றவை விடாது. அதனால்தான் பாடங்களும் அப்படிக் கலந்து வரும். வயதாகும்போது உறுப்புகளில் இயல்பாக என்ன மாறுகிறது, நோயால் என்ன மாறுகிறது, இரண்டையும் எப்படிப் பிரிப்பது, சார்கோபீனியா எனப்படும் தசை இழப்பு, நலிவு (உடலின் தாங்கும் சக்தி குறைந்துபோவது), பக்கவாதம், பார்க்கின்சன் நோய், எலும்பு முறிவுக்குப் பிந்தைய மறுவாழ்வு, மறதி நோய் உள்ளவருக்குச் சொல்லித் தரும் முறை, மாத்திரைகளின் பாதிப்பு, வீட்டை மாற்றியமைத்தல், பராமரிப்பவருக்கான பயிற்சி, கடைசிக் காலப் பராமரிப்பு. உலக சுகாதார நிறுவனம் 2001ல் கொண்டுவந்த செயல்திறன் வகைப்பாட்டையும் படிப்பீர்கள். உடலில் என்ன குறை என்பதோடு நிற்காமல், அந்த மனிதர் என்ன செய்கிறார், எதில் பங்கெடுக்கிறார், சூழல் அவருக்கு உதவுகிறதா தடுக்கிறதா என்று கேட்கும் சட்டகம் அது. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வேலையில் ஒவ்வொரு நாளும் உதவும்.

அளவீடுகளும் நிறைய வரும். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரத்தை அளக்கும் சோதனை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். 14 செயல்களுக்கு 56 மதிப்பெண் தரும் பெர்க் சமநிலை அளவுகோல், அன்றாட வேலைகளுக்கான பார்தெல் குறியீடு, லிண்டா ஃபிரைடு குழு 2001ல் வகுத்த நலிவின் ஐந்து அடையாளங்கள் எல்லாம் உண்டு. எண்ணைக் குறித்துக்கொள்வது சுலபம். அந்தச் சோதனை நடக்கும்போது நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பதில்தான் திறமை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். 1997ல் சுவீடனில், பராமரிப்பு இல்லத்தில் இருந்த 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். எந்தக் கருவியும் இல்லை. நோயாளியை வார்டிலிருந்து பயிற்சி அறைக்குக் கூட்டிப் போகும்போது "ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேளுங்கள், அவர் கால்களைக் கவனியுங்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிற ஒருவர் அங்கே உங்களுக்குத் தெரிவார்.

சேரும் முன் எதைப் பார்ப்பது? படிப்பின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதியோரியல் என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் முதுமையின் சமூக, உளவியல், கொள்கைப் பக்கத்தைச் சொல்லித் தரும் படிப்பு. நல்ல படிப்புதான், ஆனால் நோயாளியைத் தொட்டுச் செய்யும் பயிற்சி அதில் குறைவாக இருக்கலாம். முதியோர் மருத்துவம் மருத்துவர்களுக்கானது. பிசியோதெரபியில் முதுநிலை, அதில் முதியோர் சிறப்புப் பிரிவு என்பது இன்னொன்று. பல துறையினரும் சேர்ந்து படிக்கும் முதியோர் மறுவாழ்வு முதுநிலை வேறொன்று. எது வேண்டும் என்பது நீங்கள் பத்து வருடம் கழித்து எங்கே நிற்க நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்டிலருகில் என்றால் மூன்றாவதும் நான்காவதும்.

அங்கே போய்க் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மருத்துவப் பயிற்சி எத்தனை மணி நேரம், எந்த இடங்களில் என்பது. வார்டு மட்டும் என்றால் யோசியுங்கள். வார்டில் தரை சமமாக இருக்கும், கைப்பிடி இருக்கும், கூப்பிட்டால் ஆள் வரும். வீட்டில் அது எதுவும் இருக்காது. நீண்டகாலப் பராமரிப்பு இல்லம், வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பயிற்சி, இரண்டும் இருக்கிற படிப்பைத் தேடுங்கள். அடுத்தது, மருத்துவர், செவிலியர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சு சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் மாணவர்களும் உட்காருகிறார்களா? பேச விடுகிறார்களா? கற்பிப்பவர்கள் இன்றைக்கும் நோயாளிகளைப் பார்க்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். முடிந்தால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்துப் பேசுங்கள். கையேட்டில் இல்லாதது அவரிடம் கிடைக்கும். அந்தப் பட்டம் உங்கள் தொழில் பதிவுக்குச் செல்லுமா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னும் அனுபவம் சேர்த்துவிட்டுப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டு வருடம் போதும். ஆனால் விண்ணப்பிக்கும் முன் ஒரு மாதமாவது விடுமுறை நாட்களில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் போய் வாருங்கள். மறதி நோய் உள்ள ஒருவர் ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் எட்டுத் தடவை கேட்பார். எட்டாவது தடவையும் முதல் தடவை கேட்டது போலவே உங்களால் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அது குற்றமில்லை, பலருக்கு அது பழக்கத்தில் வரும். ஆனால் அந்த இடத்தில் உங்கள் மனது எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் நடக்க வைத்தவர்களில் சிலர் அடுத்த மழைக்காலம்வரை இருக்க மாட்டார்கள். விளையாட்டுக் காயப் பிரிவில் இது இருக்காது. ஆறு வாரம் உழைத்து நடக்க வைத்த ஒரு அம்மா அடுத்த இரண்டு மாதத்தில் இறந்துபோனார். நான் உடைந்துவிட்டேன். அவர் மகள் என்னைப் பார்க்க வந்து, "கடைசி வரைக்கும் தானே எழுந்து போய்க் குளித்தார்" என்றார். அதற்குப் பிறகு என் வேலையை வேறு கணக்கில் வைக்கக் கற்றுக்கொண்டேன்.

புள்ளியியல் பயத்துக்கு வருவோம். ஆய்வேடு எழுத நீங்கள் கணித மேதையாக வேண்டாம். ஒரு கட்டுரையைப் படித்து, யாரைச் சேர்த்தார்கள், யாரை ஒதுக்கினார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், வந்த மாற்றம் நோயாளிக்கு உணரத்தக்கதா என்று கேட்கத் தெரிந்தால் முக்கால் கிணறு தாண்டியாகிவிட்டது. முதியோர் ஆய்வுகளில் இரண்டாவது கேள்வி மிக முக்கியம். மறதி நோய் உள்ளவர்கள், பல நோய் உள்ளவர்கள் எல்லோரையும் ஒதுக்கிவிட்டு நடத்திய ஆய்வின் முடிவை அப்படியே நம் நோயாளிக்குப் போட முடியாது. பல ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாக எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019ல் வெளியிட்ட தொகுப்பாய்வைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வசிக்கும் முதியவர்களைப் பற்றிய 108 ஆய்வுகள், 23,000க்கும் மேற்பட்டவர்கள். உடற்பயிற்சி விழுகைகளை 23 சதவீதம் குறைத்தது என்பது முடிவு. எந்த வகைப் பயிற்சி குறைத்தது, எதற்குச் சான்று போதவில்லை என்று உட்கார்ந்து பிரித்துப் படித்தால், வகுப்பில் ஒரு பருவம் படிப்பதைவிட அதிகம் புரியும். ஆய்வுக் கேள்வியை மட்டும் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். "முதியோருக்குப் பயிற்சியின் தாக்கம்" என்று தொடங்கியவர்கள் கரையேறியதை நான் பார்த்ததில்லை. உங்கள் வார்டில் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் நடை எத்தனாவது நாளில் நடக்கிறது, தாமதமானால் ஏன் என்பது போன்ற கேள்வி போதும். அதற்கு எண்ணிக்கையும் சராசரியும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, மீதிக்குக் கல்லூரியில் புள்ளியியலாளர் இருப்பார். வெட்கப்படாமல், தரவு சேர்க்கும் முன்னாடியே அவரிடம் போங்கள்.

உங்கள் தோழி பல துறைப் படிப்பில் தாராளமாகச் சேரலாம். பிசியோதெரபி முதுநிலையில் சேர முடியாது. மேலே சொன்ன இரவு இரண்டு மணிக் காட்சியில் கால்களை நீங்கள் பார்ப்பீர்கள், சுவிட்சையும் கதவையும் நீண்ட உடையையும் அவள் பார்ப்பாள். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் இருந்தால் அந்த வகுப்புக்கே நல்லது.

வேலை கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2030ல் உலகில் ஆறில் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருப்பார். 80ஐத் தாண்டியவர்கள் 2050ல் 42 கோடிக்கு மேல் இருப்பார்கள். அதற்கேற்ற ஆட்கள் இன்றைக்கு இல்லை.

இப்போது அந்தப் பாட்டி. அவர் செய்ய மாட்டேன் என்பதற்குக் காரணம் பயிற்சியே பிடிக்காததா, விழும் பயமா, வலியா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பயிற்சிக்கு அரை மணி முன்னால் வலி மாத்திரை கொடுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பாருங்கள். சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். இதெல்லாம் பார்த்த பிறகு, அடுத்த தடவை அவர் வரும்போது பயிற்சி என்ற சொல்லையே எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, வீட்டில் எந்த இடத்துக்கு நீங்களாகவே நடந்து போக ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேளுங்கள். உடனே பதில் வராது, காத்திருங்கள். ஜன்னல் ஓரம் என்பார், வாசல் என்பார், குளியலறை என்பார். எது சொன்னாலும் அதுதான் இனி உங்கள் சிகிச்சைத் திட்டம். அங்கே உட்கார நாற்காலி இருக்கிறதா, எவ்வளவு உயரம் என்று வீட்டாரை அளந்து வரச் சொல்லுங்கள். அதைவிடக் கொஞ்சம் உயரமான நாற்காலியில், உயரம் கூடினால் எழுவது சுலபம், பாதத்தைப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து எழச் சொல்லுங்கள். முதல் நாள் மூன்று தடவை போதும். வாரம் போகப் போக உயரத்தைக் குறையுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.